சொருகினா உயிர் இல்லை, தொறந்தா காசு இல்லை: ஹார்டுவேர் வாலட்டுக்குக் கடலோரக் கைவைத்தியம்

கீழக்கரையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சார்ஜிங் பின், டிஸ்ப்ளே, தண்ணீரில் விழுந்த போன், படகுக்காரர்கள் தூக்கி வரும் ஜிபிஎஸ் கருவி என்று பிழைப்பு ஓடுகிறது. சில வருஷமாக இன்னொரு சாமானும் மேசைக்கு வருகிறது: கிரிப்டோ காசுக்கான ஹார்டுவேர் வாலட். பார்த்தால் பென் டிரைவ் மாதிரி இருக்கும். சின்னதாக ஒரு திரை, இரண்டு பொத்தான். வெளிநாட்டில் பிழைத்து விடுமுறைக்கு ஊர் வரும் சபுராளிப் பிள்ளைகள் பாதி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பையன்கள் பாதி. எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, இதுக்குள்ள காசு கிடக்கு, தொறக்க மாட்டேங்குது."

அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன். இதற்குள் காசு கிடக்கவில்லை. பிட்காயினோ ஈதரோ, கணக்கு இருப்பது பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில். பெட்டிக்குள் இருப்பது கையெழுத்துப் போடும் சாவி மட்டும். அந்தச் சாவியும் முதல் நாள் நீங்கள் காகிதத்தில் எழுதிய 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளிலிருந்து பிறந்ததுதான். பெட்டி கடலுக்குள் போனாலும், வார்த்தைகள் கையில் இருந்தால் இன்னொரு பெட்டியில் அதே சாவி மறுபடி பிறக்கும்.

அதனால் என்ன கோளாறோடு வந்தாலும் என் முதல் கேள்வி, "பேப்பர் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றால் டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். காகிதம் இல்லை, ஆனால் கருவி இன்னும் திறக்கிறது என்றால் பழுது பார்க்க உட்காரவே வேண்டாம். அப்டேட், ரீசெட் எதையும் தொடாமல், புதுக் கருவி ஒன்று வாங்கி, அதன் வார்த்தைகளை எழுதி, காசு முழுவதையும் அங்கே அனுப்பிவிட்டுப் பிறகு பழையதை நோண்டுங்கள். காகிதமும் இல்லை, கருவியும் திறக்கவில்லை என்றால் என் கடையில் மருந்து இல்லை.

இன்னொன்று. அந்தக் காகிதத்தை எனக்குக் காட்ட வேண்டாம். இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.

"சொருகினா உயிரே இல்லை"

இரண்டு விதமாக இருக்கும். திரை எரிகிறது, பின் நம்பர் கேட்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் நூற்றுக்குப் பெரும்பங்கு கேபிள்தான். கேபிளுக்குள் தகவல் போக நான்கு கம்பி வேண்டும். சார்ஜுக்கு மட்டும் என்று விற்கும் மலிவுக் கேபிளில் இரண்டுதான் இருக்கும். அதே கேபிளில் போனை மாட்டி ஒரு போட்டோவை கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் கேபிளைத் தூக்கிப் போடலாம். ஆண்ட்ராய்டு போனில் மாட்டுபவர்கள் ஓடிஜி அமைப்பு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் அது தானாகவே அணைந்துவிடும். லெட்ஜர் கம்பெனிக் கருவி வைத்திருப்பவர்கள் பின் போட்டுத் திறந்து, அந்த நாணயத்துக்கான ஆப்பைக் கருவியிலும் திறந்து வைக்க வேண்டும். லினக்ஸ் என்றால் யுடெவ் விதிகளைச் சேர்க்காமல் கருவி தெரியாது. அதைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே போட்டிருப்பார்கள்.

திரையே எரியவில்லை என்றால் அது நம் ஊர் வியாதி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலோர வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே காற்றுதான் யுஎஸ்பி வாய்க்குள்ளும் போகிறது. போன மாதம் ஒரு பாம்பன் பையன் கொண்டு வந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டைப்-சி வாயின் நடுவில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்குமே, அதன் இரண்டு பக்கமும் தங்க நிறத்தில் மயிரிழை மயிரிழையாக முனைகள் இருக்கும். இதில் ஓரத்து முனைகள் தங்கம் போய்ப் பச்சைக் களிம்பு ஏறி, பக்கத்து முனையோடு ஒட்டிக் கிடந்தன. எங்கே வைத்திருந்தாய் என்றேன். "போட்டு வீல்ஹவுஸ்லண்ணே, டார்ச் லைட்டு கூட." வேறென்ன ஆகும்?

கழுவுவதற்கு 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், மொபைல் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். மென்மையான பழைய பல் பிரஷை அதில் நனைத்து, வாயைக் கீழ்ப்பக்கம் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும், களிம்பு வெளியே வழிய. ஊசி, குண்டூசி, சேஃப்டி பின் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு மாட்டுங்கள். அரிசியில் புதைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், மாவுதான் உள்ளே போகும். பேட்டரி உள்ள மாடலில் முதுகு உப்பியிருந்தால் சார்ஜே போடாதீர்கள்.

கழுவியும் எழவில்லையா? போகட்டும். புதுசு வாங்கி வார்த்தைகளைப் போட்டால் முடிந்தது.

"வாங்கின பெட்டியிலேயே வார்த்தை எழுதியிருந்துச்சு"

இது கோளாறு இல்லை, களவு. வார்த்தைகளைக் கருவிதான் உங்கள் கண் முன்னால், தன் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அச்சடித்த அட்டையிலோ, சுரண்டும் அட்டையிலோ ஏற்கெனவே இருந்தால் அதே வார்த்தைகள் விற்றவனிடமும் இருக்கின்றன. நீங்கள் காசு போடும் நாளுக்காகக் காத்திருக்கிறான். பின் நம்பர் முன்கூட்டியே போட்டு வந்தாலும் அதே கதைதான்.

தயாரிப்பாளரிடமோ அவர்கள் தளத்தில் பெயர் போட்டிருக்கும் விற்பனையாளரிடமோ வாங்குங்கள். யாரோ துபாயிலிருந்து கொண்டு வந்து கைமாற்றி விடும் பாதி விலைச் சாமான் இந்தத் தொழிலில் வேண்டவே வேண்டாம். டிரெசார் கம்பெனிக் கருவிகள் ஃபர்ம்வேர் (கருவியை ஓட்டும் மென்பொருள்) இல்லாமல் வரும், முதல் முறை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். லெட்ஜர் தன் செயலி வழியாகக் கருவி அசல்தானா என்று சோதித்துக் காட்டும். செயலியையும் தயாரிப்பாளரின் முகவரியைக் கையால் தட்டச்சு செய்து இறக்குங்கள்: 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குள்ளேயே போலி லெட்ஜர் லைவ் செயலி ஒன்று உட்கார்ந்து பலரின் காசைக் கொண்டுபோனது.

"பின் நம்பர் மறந்துபோச்சு"

எந்தக் கருவி என்று முதலில் பாருங்கள். லெட்ஜரில் மூன்று முறை தப்பாகப் போட்டால் கருவி தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சாவி அழிந்துவிடும். பழைய டிரெசார் மாடல்கள் 16 முறை வரை பொறுக்கும், ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். கோல்ட்கார்டு (Coldcard) என்ற கருவி 13 தப்புக்குப் பிறகு நிரந்தரமாகச் செத்துப்போகும். அதைத் திரும்பப் பயன்படுத்தவே முடியாது.

காகிதம் இருந்தால் லெட்ஜரில் வேண்டுமென்றே மூன்று தப்புப் போட்டு, வார்த்தைகளால் மீட்டுப் புதுப் பின் வைத்துக்கொள்ளலாம். காகிதம் இல்லாமல் இரண்டு தப்புப் போட்டாயிற்று என்றால் கையை எடுத்துவிடுங்கள். நினைவு வரும் வரை, வாரக்கணக்கில் ஆனாலும், மூன்றாவதைத் தொடாதீர்கள். பழைய டிரெசார் ஒன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம்: எண்கள் கருவித் திரையில் ஒவ்வொரு முறையும் இடம் மாறி வரும், கம்ப்யூட்டரில் வெறும் கட்டங்கள்தான் இருக்கும். கருவியைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அழுத்த வேண்டும். பின் மறந்துவிட்டது என்று வந்த ஒரு பெரியவர் இதைத்தான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்.

"வார்த்தை போட்டா இன்வாலிட்ங்குது"

உங்கள் வார்த்தைகள் பிஐபி-39 என்ற பட்டியலிலிருந்து வந்தவை. அதில் 2048 வார்த்தைகள் உண்டு. முதல் நான்கு எழுத்து போதும், ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துவிடலாம். கடைசி வார்த்தைக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. 24 வார்த்தையில் ஏதாவது ஒன்றைத் தப்பாகப் போட்டால் அது தப்பித்துப்போக 256-இல் ஒரு வாய்ப்புதான். 12 வார்த்தையில் 16-இல் ஒன்று. ஆகவே கருவி ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் காகிதத்தைப் படித்ததில்தான் பிசகு.

கையெழுத்தைப் பாருங்கள். பட்டியலில் ஷிப்பும் உண்டு, ஷாப்பும் உண்டு. நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வாக், வால் இரண்டும் உண்டு. அவசரத்தில் எழுதிய கடைசி எழுத்து எதுவென்றே தெரியாது. அடுத்து வரிசை. இரண்டு பத்தியாக எழுதியவர்கள் மேலிருந்து கீழாக எழுதினார்களா, இடமிருந்து வலமாகவா? எண் போடாதவர்களுக்கு இதில் தலைவலி.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பட்டியலில் தமிழ் கிடையாது, வார்த்தைகள் ஆங்கிலம். வீட்டில் இருப்பவர்களும் வாசிக்கட்டும் என்று சிலர் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 'கார்ட்' என்று எழுதினால் அது சீட்டுக்கட்டு கார்டா, மாட்டுவண்டி கார்ட்டா, காவல்காரன் கார்டா? மூன்றுமே பட்டியலில் இருக்கின்றன. தமிழில் எழுதினால் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளையும் பெரிய எழுத்தில், தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் அழிந்து, அதன் இடம் தெரியும் என்றால் கலங்க வேண்டாம். 24-இல் ஒன்று என்றால் 2048-ஐயும் போட்டுப் பார்த்தால் சுமார் 8 மட்டும்தான் சரிபார்ப்பில் தேறும். 12-இல் ஒன்று என்றால் சுமார் 128. அந்தத் தேடலை இணையம் இல்லாத கணினியில் மட்டும் செய்ய வேண்டும். "உங்கள் வார்த்தைகளை இங்கே இடுங்கள், கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று கூகுளில் வரும் தளங்களுக்குப் போனவர்கள் மிச்சமிருந்ததையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

எல்லாம் சரியாகப் படித்தும் ஏற்கவில்லையா? இரண்டு சாத்தியம். எலக்ட்ரம் செயலியில் உருவான 12 வார்த்தைகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு முறை, பெரும்பாலும் எலக்ட்ரமிலேயேதான் திறக்கும். எண்ணிப் பார்த்தால் 20 வார்த்தை இருக்கிறதா? டிரெசாரின் புதிய மாடல்கள் கொடுப்பது அது. 1024 வார்த்தை கொண்ட தனிப் பட்டியல், லெட்ஜரில் செல்லாது.

"எல்லாம் சரி, காசு மட்டும் பூஜ்யம்"

கடைக்கு வருபவர்களில் முகம் வெளுத்து வருபவர்கள் இவர்கள்தான். முதலில் கருவியை மூடி வைத்துவிட்டு, பழைய ரசீதிலோ, நாணயம் வாங்கிய பரிமாற்றத் தளத்தின் பதிவிலோ உங்கள் பழைய வாலட் அட்ரஸ் (காசு வந்து சேரும் நீண்ட எழுத்து-எண் வரிசை) ஒன்றை எடுங்கள். அதை பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்ற தேடல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குச் சாவி தேவையில்லை, யாரும் பார்க்கலாம். காசு அங்கேயே இருந்தால் எதுவும் போகவில்லை. நீங்கள் வேறு கதவைத் திறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நீங்கள் அறியாமல் வெளியே போயிருந்தால் இது பழுது இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். அதே வார்த்தைகளில் வேறு ஏதாவது மிச்சமிருந்தால் அதைப் புது வார்த்தைகளுக்கு மாற்றுங்கள்.

வேறு கதவு என்றால் என்ன? பாஸ்ஃப்ரேஸ் என்ற கூடுதல் சொல்லை, 25-ஆவது வார்த்தை என்பார்களே, அதை வைத்தீர்களா? அதில் தப்பு என்று கருவி சொல்லவே சொல்லாது. எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும், தப்பாகப் போட்டால் காலியான ஒன்று திறக்கும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, கடைசியில் விழுந்த ஓர் இடைவெளி எல்லாமே கணக்கு. போனில் தட்டச்சு செய்தவர்கள் முதல் எழுத்தைக் கீபோர்டு தானாகப் பெரிதாக்கியிருக்குமோ என்று சோதியுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பூஜ்யம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது தடம். ஒரே வார்த்தைகளிலிருந்து பிட்காயின் கணக்குகள் வெவ்வேறு தடங்களில் கிளை விடும்: 1-இல் தொடங்கும் பழைய அட்ரஸுக்கு 44-ஆம் தடம், 3-இல் தொடங்குவதற்கு 49, பிசி1கியூ (bc1q) என்று தொடங்குவதற்கு 84, பிசி1பி-க்கு (bc1p) 86. பழைய கருவியில் 3-இல் வைத்திருந்து, புதுச் செயலி 84-ஐ மட்டும் காட்டினால் பூஜ்யம்தான் தெரியும். கணக்கு சேர்க்கும் இடத்தில் மற்ற வகைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளிலேயே செய்து வைக்க ஒரு வேலை: பல வாலட் செயலிகள் எட்டெழுத்தில் ஃபிங்கர்பிரிண்ட் ஒன்றைக் காட்டும், விரல் ரேகை இல்லை, அந்த வாலட்டின் அடையாளக் குறி. அதைக் குறித்து வைத்தால், பின்னால் திறந்தது சரியான கதவா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதை வைத்து யாரும் காசை எடுக்க முடியாது.

யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு கட்டிய நாணயம்) காணோம் என்றால் பெரும்பாலும் நெட்வொர்க் தப்பு. பரிமாற்றத் தளத்திலிருந்து பிஎன்பி செயின் வழியாக எடுத்துவிட்டு எத்தீரியத்தில் தேடுவார்கள். இரண்டிலும் உங்கள் அட்ரஸ் ஒன்றே. செயலியில் பிஎன்பி செயினைச் சேர்த்தால் காசு அங்கே உட்கார்ந்திருக்கும்.

"அட்ரஸ் மாறிக்கிட்டே இருக்கு"

மாறத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் புது அட்ரஸ் காட்டுவது பிட்காயின் வாலட்டின் இயல்பு. பழையவையும் உங்களுடையவைதான். அனுப்பிய பிறகு மிச்சச் சில்லறை வேறொரு அட்ரஸுக்குப் போயிருப்பதும் அப்படியே.

"அனுப்பினேன், போய்ச் சேரலை"

பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு கட்டுப் பரிமாற்றம், பேரேட்டில் ஏறும். கட்டணம் குறைத்துப் போட்டிருந்தால் நெரிசல் நேரத்தில் வரிசையில் நிற்கும். ஆர்பிஎஃப் என்ற வசதியோடு அனுப்பியிருந்தால் கட்டணத்தைக் கூட்டி அதையே மறுபடி அனுப்பலாம். அப்படியே விட்டால் இயல்பான அமைப்பில் கணுக்கள் (நெட்வொர்க்கை நடத்தும் கணினிகள்) 14 நாள் கழித்து அதை மறந்துவிடும், காசு உங்களிடமே நிற்கும். "வேகமாக அனுப்பித் தருகிறோம், சாவியைக் கொடுங்கள்" என்று டெலிகிராமில் வருபவர் யாராக இருந்தாலும் திருடர்.

யுஎஸ்டிடி அனுப்பவே விடவில்லை என்றால் வண்டியில் டீசல் இல்லை. டிரான் நெட்வொர்க்கில் டிஆர்எக்ஸ், எத்தீரியத்தில் ஈதர், பிஎன்பி செயினில் பிஎன்பி, கட்டணத்துக்குக் கொஞ்சமாவது அதே அட்ரஸில் இருக்க வேண்டும். ஆயிரம் டாலர் யுஎஸ்டிடி வைத்துக்கொண்டு கொஞ்சம் டிஆர்எக்ஸ் இல்லாமல் தவித்தவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

"அப்டேட் பாதியில கரண்ட் போச்சு"

ஃபர்ம்வேர் பாதியில் நின்றால் கருவி பூட்லோடர் நிலையில் விழித்துக்கொண்டு நிற்கும். செயலியைத் திறந்து மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். சில சமயம் துடைத்துவிட்டு எழும், அப்போது காகிதம் வேண்டும். மழைக்காலத்தில், கரண்ட் கண்ணாமூச்சி ஆடும் நாளில் அப்டேட் போடுவதற்கு என்ன அவசரம்? சார்ஜ் நிரம்பிய லேப்டாப்பில் போடுங்கள்.

லெட்ஜரின் பழைய நானோ எஸ்-இல் இடம் போதாமல் ஆப்களை நீக்கச் சொல்லும். நீக்கலாம், காசுக்கு ஒன்றும் ஆகாது.

"கருவியில ஒரு அட்ரஸ், கம்ப்யூட்டர்ல ஒரு அட்ரஸ்"

நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் ஏதோ நுழைந்திருக்கிறது. காப்பி செய்த அட்ரஸை ஒட்டும்போது வேறொன்றாக மாற்றும் மால்வேர்கள் உண்டு. கம்ப்யூட்டர் பொய் சொல்லும், கருவியின் திரை சொல்லாது என்பதற்காகத்தான் காசு கொடுத்து இதை வாங்கினீர்கள். அனுப்பும் அட்ரஸைக் கருவித் திரையில் முதலிலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். தலையும் வாலும் மட்டும் பார்ப்பது போதாது. நீங்கள் அடிக்கடி அனுப்பும் அட்ரஸின் தலையும் வாலும் ஒத்திருக்கும் இன்னொன்றைத் திருடர்கள் உருவாக்கி, அதிலிருந்து ஒரு பூஜ்யத் தொகையை உங்களுக்கு அனுப்புவார்கள். அடுத்த முறை பழைய பதிவிலிருந்து காப்பி எடுப்பீர்கள் என்பது அவர்கள் கணக்கு.

கருவியும் சில நேரம் ஒன்றும் புரியாத எண்வரிசையைக் காட்டி ஒப்புக்கொள்ளச் சொல்லும். கண்ணை மூடிக் கையெழுத்து என்பது இதுதான். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றத் தளத்தில் சுமார் 150 கோடி டாலர் பறிபோனது. கையெழுத்துப் போட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருக்கத்தான் செய்தது. இணையப் பக்கம் காட்டியது ஒன்று, அவர்கள் ஒப்புக்கொண்டது வேறொன்று. என்னவென்று தெரியாத கையெழுத்தைக் கேட்டால் நிராகரித்துவிடுங்கள்.

"கம்பெனியிலேர்ந்து லெட்டர் வந்திருக்கு"

2020-இல் லெட்ஜரின் கடைத் தரவு கசிந்து, சுமார் 2.72 லட்சம் வாங்குநர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் வெளியே வந்தன. அதன் பிறகு சிலருக்குப் போலிக் கருவிகளே பார்சலில் வந்தன. தபாலில் கியூஆர் கோடு போட்ட கடிதங்களும் வந்தன. கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில்தான் முடியும்: வார்த்தைகளைக் கேட்பார்கள். உண்மையான கம்பெனி எந்தக் காலத்திலும் கேட்காது. வார்த்தைகள் போக வேண்டிய இடம் கருவியின் பொத்தான்கள் மட்டும்தான்.

"பேப்பர் நனைஞ்சுபோச்சு"

2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அதற்கு அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜெல் பேனாவில் எழுதியிருந்தார். தாளில் நீலக் கறைதான் மிச்சம். நல்ல வேளை, கருவி திறந்தது, புதுசுக்கு மாற்றிவிட்டோம். இன்னொருவர் சாதாரணப் பால் பாயிண்டில் எழுதியிருந்தார். தாள் அப்பளமாகக் காய்ந்து சுருண்டிருந்தாலும் ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. பென்சில் இன்னும் நல்லது. லேமினேஷன் பண்ணலாமா என்பார்கள். கடைக்காரர் கையில் 24 வார்த்தையைக் கொடுத்து, "நல்லா சூடு காட்டுங்க" என்று பக்கத்தில் நிற்கப் போகிறீர்களா? ஜெராக்ஸும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

தொகை பெரிதென்றால் உலோகத்தில் அடியுங்கள். ஆனால் எந்த உலோகம்? கேட்டுக்குப் போடும் 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டு கச்சான் தாங்காது. பாத்திரக்கடை 304-உம் நம் காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறும். 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பை எதிர்ப்பது அதுதான். படகு வேலை செய்பவர்கள் மரைன் கிரேடு என்பார்கள். நான் சொல்லும் வழி மலிவு. 316 பெரிய வாஷர் 24, அது கொள்ளும் நீளத்துக்கு 316 போல்ட் ஒன்று, நட் ஒன்று, 3 மில்லிமீட்டர் எழுத்துப் பஞ்ச் ஒரு செட். பட்டறையில் கிடக்கும் தண்டவாளத் துண்டின் மேல் வாஷரை வைத்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் வார்த்தையின் முதல் நான்கு எழுத்தும் அடியுங்கள். நான்கு எழுத்து போதும் என்று மேலே சொன்னேனே. போல்ட்டில் கோத்து நட்டை இறுக்கினால் எழுத்துகள் உள்பக்கமாக மறைந்துவிடும். துத்தநாகம் பூசிய சாதாரண போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள், அது அரித்து வாஷரையும் கறையாக்கும். அடிப்பது நீங்களாக இருக்கட்டும், லேத் பட்டறைத் தம்பி வேண்டாம்.

24-ஐ இரண்டாக வெட்டிப் பாதி இங்கே, பாதி மாமியார் வீட்டில் என்று வைப்பதை நான் ஒப்புவதில்லை. எந்தப் பாதி தொலைந்தாலும் முழுசும் தொலைந்தது மாதிரிதான். முழுப் பிரதி இரண்டு, இரண்டு ஊரில். ராமநாதபுரத்தில் ஒன்று, மதுரையில் ஒன்று என்றால் ஒரே புயல் இரண்டையும் கொண்டுபோவது அரிது.

"அவுக கப்பல்ல இருக்காக, எனக்குப் பின்னு தெரியாது"

சென்ற வருஷம் ஒரு சகோதரி கருவியோடு வந்தார். கணவருக்குக் கப்பலில் வேலை, சிக்னல் இல்லாத தூரத்தில் இருந்தார். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்குக் காசு எடுக்க வேண்டும். "கல்யாண வருஷம்தான் தம்பி இருக்கும், போட்டுப் பாத்துரவா?" மூன்று முறைக் கருவி. ஒரு தப்பு ஏற்கெனவே போட்டிருந்தார். காகிதம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கருவியைச் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடி, கணவர் கரைக்கு வரும் வரை தொடவே வேண்டாம் என்று அனுப்பினேன். ஃபீஸுக்கு நகையை வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கணவர் வந்தார். காகிதம் அவர் பழைய சி.டி.சி. (கப்பல் பணியாளர் சான்றுப்) புத்தகத்துக்குள் இருந்தது. மனைவிக்கு வாசிக்க வேண்டும் என்று தமிழில் எழுதியிருந்தார், அதைச் சொல்லத்தான் மறந்துபோனார். புதுப் படகுக்கு வெள்ளோட்டம் விடுகிற மாதிரி இதற்கும் விடுங்கள் என்றேன். சின்னத் தொகை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வேறிடத்துக்கு மாற்றி, கருவியைத் துடைத்து, காகிதத்தை வைத்து மறுபடி மீட்டுப் பார்ப்பது. ஆரம்பத்திலேயே எல்லோரும் செய்ய வேண்டியது, காசு முழுவதையும் போடுவதற்கு முன்னால். பொத்தானை அழுத்துவது மனைவியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர்கள் உள் அறையில் உட்கார்ந்தார்கள். நான் திண்ணையில் டீயோடு இருந்தேன். முக்கால் மணி நேரம் பொத்தான் சத்தம்தான். பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது: "ஏங்க, இது கார்டா, கார்ட்டா?"

"சத்தமாச் சொல்லாதே" என்றார் அவர்.